வரேன் மச்சான்

மாமியார் ஊர் பூராவும் சொல்லி வைத்துவிட்டாள், "எம்புள்ள அமெரிக்கா போறான்" என்று. "தென் அமெரிக்காம்மா, அது வேற, இது வேற" என்று மகன் படித்துப் படித்துச் சொன்னான். கேட்டால்தானே! அந்தத் 'தென்'னை மட்டும் மாத்திரை மாதிரி முழுங்கிவிடுவாள். "வடக்கா இருந்தா என்ன, தெற்கா இருந்தா என்ன? மனை வாங்கி வாசலா வைக்கப் போறோம்?" என்பாள். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

கிளம்பியது இரண்டே பேர், அந்த மகனும் அவன் மனைவியும். அவன் குளிர்சாதன மெக்கானிக். அங்கே ஒரு பழக் கம்பெனி. பழத்தைத் துண்டு போட்டு, கல்லு மாதிரி உறைய வைத்து, கப்பலில் ஏற்றுகிறவர்கள். அந்த உறை அறைகளைக் கவனிக்க ஆள் கேட்டார்கள். அதே மாதிரி மெஷின்களோடு வருஷக்கணக்காக மாரடித்தவன் என்பதால் இவனைக் கூப்பிட்டார்கள், இவனும் பறந்தான். ஆனால் ஒரு கூத்தைக் கேளுங்கள். ஊருக்கெல்லாம் குளிர வைக்கிற அந்த மனுஷனுக்குக் குளிரே ஆகாது. வீட்டில் ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தால் அடுக்குத் தும்மல் வரும். "உங்களைப் போய் எவன் இந்த வேலைக்கு வெச்சான்?" என்று அவள் கேட்பாள். "பயப்படறவன்தான் ஒழுங்கா வேலை பாப்பான்" என்று போர்வைக்குள்ளிருந்து பதில் வரும்.

கம்பெனி கொடுத்த வீடு மூன்றாவது மாடியில். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். அவன் காலையில் கிளம்பிப் போனால் அவள் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பாஷை ஒரு எழுத்து தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. கடைக்குப் போனால் விரலை நீட்டி நீட்டியே விரல் வலித்தது.

காப்பாற்றியது கீழ் வீட்டுத் தையல்காரிதான். அந்த ஊர்க்காரி, நல்ல தடித்த குரல், எப்போதும் வாயில் இரண்டு குண்டூசி. ஒரு நாள் மாடிப்படியில் இவளைப் பார்த்து, இவள் கோட்டின் தொளதொளத்த தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கே கோட்டைப் பிரித்துத் தைத்தாள். ஊசி, நூல், கத்தரி, கை, கழுத்து என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி வார்த்தை சொல்லிக் கொடுத்தாள். அதனால் இவளுக்கு வந்த பாஷை முழுக்கத் தையல் பாஷை. ரொட்டிக் கடையில் போய்ப் பாதி ரொட்டி வேண்டும் என்பதற்கு 'அரைக்கை ரொட்டி' என்று கேட்டாள். கடைக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும், பேச்சு வந்துவிட்டது.

தையல்காரியின் புருஷனும் அதே கம்பெனிதான். உறை அறையிலிருந்து பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற வண்டியை ஓட்டுகிறவன். ஆள் மலை மாதிரி, மனசு பஞ்சு மாதிரி. மெக்கானிக்குக்கும் அவனுக்கும் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்டது. மெக்கானிக் அவனை 'மச்சான்' என்று கூப்பிட ஆரம்பித்தான். அவனும் பதிலுக்கு 'மச்சான்' என்றான். அந்த வாயில் அந்த 'ச்' படாத பாடு பட்டது. "புருஷனுக்கு மச்சான்னா எனக்கு அண்ணன் முறை. இனிமே என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடணும்" என்று அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறாராகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த மலை அவளை 'தங்காச்சி' என்று நீட்டிக் கூப்பிட்டது. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத அவளுக்கு, அதைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே என்னவோ செய்யும்.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன்.

கல்யாணமான புதிதில் அவன் ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு "நான் போறேன்" என்றான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "என்னது, போறேனா? நாக்கு மேல பல்லப் போட்டு அப்படிச் சொல்லலாமா? போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"நேரமாச்சும்மா."

"சொன்னாத்தான் வழி."

சொன்னான். மறுநாளும் சொல்ல வைத்தாள். அப்படியே பழகிப் பழகி, 'போயிட்டு' தேய்ந்து போய் வெறும் 'வரேன்' ஆனது. பக்கத்து ஊருக்குப் போனாலும் 'வரேன்', பக்கத்துக் கடைக்குப் போனாலும் 'வரேன்'. ஃபோனை வைக்கும்போதுகூட 'வரேன்'. துக்க வீட்டில் மட்டும்தான் வாயைத் திறக்காமல் கிளம்ப வேண்டும், அங்கே 'வரேன்' என்றால் துக்கத்தைத் திரும்பக் கூப்பிட்ட மாதிரி ஆகும் என்பதும் அவள் போட்ட சட்டம்தான். நமக்கெல்லாம் தெரிந்ததுதான், ஆனால் அவள் அதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்த வார்த்தையை அவன் கடல் தாண்டியும் கொண்டுபோனான். வேலை முடிந்ததும் வண்டிக்காரனின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "வரேன் மச்சான்" என்பான். "அப்படின்னா?" என்று வண்டிக்காரன் கேட்டதற்கு, கையை வாசல் பக்கம் காட்டி, "வீட்டுக்குக் கிளம்பறேன்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறான். அதன் பிறகு மச்சானும் பிடித்துக்கொண்டான். இவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் வாசலில் திரும்பி, பெருமையாக, "வரேன் தங்காச்சி" என்பான். தையல்காரியும் அவளும் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெக்கானிக்குக்குச் சாப்பாட்டு டப்பா ஒரு ஏழரை. எவர்சில்வர் டப்பா, அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது. வாரத்தில் பாதி நாள் அதை மெஷின் மேல், உறை அறைக்குள் என்று எங்கேயாவது வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இனிமே டப்பா இல்லாம வந்தீங்க, கதவையே திறக்க மாட்டேன்" என்று அன்றைக்குக் காலையில்கூடச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே "வரேன்" என்று போனான்.

அன்று சாயங்காலம் அவன் வரவில்லை.

ஃபோன் அடித்தாள். தொடர்பு கிடைக்கவில்லை என்று அந்த ஊர்ப் பெண் குரல் சொன்னது. அந்த வாக்கியம் அவளுக்கு முழுசாகப் புரிந்தது, அதுதான் கொடுமை. சோறு ஆறிப் போனது. கீழே ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், பாதியில் எழுந்து வந்தான்.

"அவன் எனக்கு முன்னாடியே கிளம்பிட்டானே தங்காச்சி. 'வரேன் மச்சான்'னு சொன்னான். நான் வண்டியைச் சார்ஜ் போட்டுட்டு வந்து பார்த்தேன், குளிர்கோட்டு கொக்கியில தொங்குது, ஆள் இல்லை. கதவைப் பூட்டிட்டு நான் வந்தேன்."

'வரேன்' என்று சொன்னானா, அப்படியானால் கிளம்பிவிட்டான். அவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. மூன்று பேருமாகத் தெருத்தெருவாகத் தேடினார்கள். பஸ் நிற்கும் இடங்கள், மருந்துக் கடைகள், இரண்டு ஆஸ்பத்திரி. மச்சான் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, ஃபோனில் அவன் படத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டான். விடிய விடிய அலைந்தார்கள். ஒரு இடத்துக்கு மட்டும் யாரும் போகவில்லை.

காலையில் வேலைக்குப் போன மச்சான்தான் உறை அறையின் கதவை இழுத்தான். மெக்கானிக் கதவை ஒட்டி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த வாக்கில் இருந்தான். மேலே வெறும் சட்டை. கையில் சாப்பாட்டு டப்பா.

அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க ஒரு குமிழ் உண்டு. அழுத்தினால் கதவு விடுபடும். அது உடைந்து மாதக்கணக்காகிவிட்டது. "மாத்துங்கடான்னா மாத்த மாட்டேங்கறானுங்க, ஒரு நாள் எவனாவது உள்ள மாட்டிக்கப் போறான்" என்று மெக்கானிக் சாப்பிடும்போதெல்லாம் புலம்புவான். அந்த எவனாவது அவனாகவே ஆனான். பாவி மனுஷன்!

அன்று மத்தியானமே போலீஸ் மச்சானைப் பிடித்துக்கொண்டு போனது. கதவைப் பூட்டியது அவன் கை. "உள்ளே ஆள் இருக்கிறானா என்று ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டதற்கு, "கிளம்பறேன்னு சொல்லிட்டானே" என்று திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லியிருக்கிறான். "என்ன வார்த்தை சொன்னான், அதைச் சொல்" என்று போலீஸ்காரர் ஃபோனை நீட்டினார். மச்சான் சொன்னான். ஃபோன் ஒரு நொடி யோசித்துவிட்டு அவர்கள் பாஷையில் கணீரென்று சொன்னது: 'நான் வருகிறேன், மைத்துனரே.'

போலீஸுக்குக் கதை முடிந்தது. வருகிறேன் என்று ஒருவன் சொல்லியிருக்கிறான், இவன் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். அதோடு, சொல்லாத அர்த்தத்தைச் சொன்னதாகப் பொய் வேறு. அந்த ஊரில் தமிழ் தெரிந்த ஜீவன் இனி ஒன்றுதான். அதனால் விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

அதற்கு முன்னால் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தாள். சாம்பல் நிறக் கோட்டு, மெதுவான ஆங்கிலம். அவள் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, உண்மையாகவே கண் கலங்கினாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"ஃபோன் சொன்னது சரிதானே? அந்த வார்த்தைக்கு 'வருகிறேன்' என்றுதானே அர்த்தம்?"

"ஆமாம். ஆனா..."

"ஆனா எல்லாம் வேண்டாம் கண்ணு. நீ பொய் சொல்லவே வேண்டாம். இருக்கிற அர்த்தத்தைச் சொன்னால் போதும். வண்டிக்காரனின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவார்கள். உன் கணவரை இந்த வாரமே ஊருக்குக் கொண்டுபோகலாம், விமானம் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வேறு ஏதாவது பேச்சு வந்தால் கதவு, குமிழ், மெஷின் என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். அது முடிகிற வரைக்கும் உடலைத் தர மாட்டார்கள். அவர் அங்கேயே இருக்க வேண்டியதுதான்."

அங்கே என்றால் ஆஸ்பத்திரிப் பிணவறை. அங்கே என்றால் இன்னொரு குளிர்பெட்டி. ஃபேன் காற்றுக்கே தும்முகிறவன். ஒரு ராத்திரி முழுக்க விறைத்துச் செத்தவனை மறுபடியும் குளிரில் போட்டு வைத்திருக்கிறார்கள். அவனை வெளியே எடுத்து, நம்ம ஊர் வெயிலில் கொஞ்ச நேரமாவது கிடத்த வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறியே பிடித்திருந்தது. வேறு எந்த நினைப்பும் இல்லை. சூடு படட்டும், எரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வெயில் படட்டும்.

மாமியாரும் அதையேதான் அழுதாள், ஃபோனில். "எம்புள்ளயை எப்பம்மா கொண்டு வருவே? ஐஸ்ல போட்டிருக்காங்களாமே. அவனுக்கு ஆகாதே, மார்ச்சளி பிடிச்சுக்குமே." செத்தவனுக்கு மார்ச்சளி பிடிக்கும் என்று அந்தத் தாய் அழுகிறாள். இவள் என்ன சொல்லித் தேற்றுவாள்? "இந்த வாரம் வந்துடுவோம் அத்தை" என்றாள்.

ஃபோனை வைத்ததும் கதவு தட்டும் சத்தம். தையல்காரி நின்றாள். வாயில் குண்டூசி இல்லாமல் அவளைப் பார்க்கவே யாரோ மாதிரி இருந்தது. கெஞ்சப் போகிறாள், காலில் விழப் போகிறாள் என்று நினைத்ததும் இவளுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது.

"எம் புருஷன் உள்ள விறைச்சுக்கிட்டு இருந்தப்ப உம் புருஷன் சூடா உக்காந்து தின்னுக்கிட்டு இருந்தானேடி!" என்று கத்தினாள். முழுக்கத் தமிழில். "ஒரு எட்டு உள்ள எட்டிப் பாத்தா என்ன குறைஞ்சா போயிருக்கும்? கூப்பிட்டுப் பாத்தா வாய் வெந்தா போயிடும்? மச்சானாம், தங்காச்சியாம்!"

தையல்காரிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லாம் புரிந்தது. அப்படியே நின்று வாங்கிக்கொண்டாள். கத்தி ஓய்ந்ததும் தன் பாஷையில் மெதுவாகச் சொன்னாள். "என்னை வெளியே விடச் சொல்லுன்னு அவர் சொல்லி அனுப்பலை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னார். அந்த வார்த்தைக்கு 'திரும்பி வரேன்'னு அர்த்தம்னு போலீஸ் சொல்லுதாம். அது நிஜமா? அவன் திரும்பி வரேன்னு சொல்லி, நான்தான் புரியாம அவனைக் கொன்னுட்டேனான்னு கேக்கறார். ரெண்டு நாளா சாப்பிடலை. அதை மட்டும் தெரிஞ்சுக்கணுமாம்."

அவள் கதவைச் சாத்தினாள். படியில் தையல்காரி இறங்குகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

விசாரணை அறை பள்ளிக்கூட அறை மாதிரிதான் இருந்தது. நீள மேஜை, நாற்காலிகள், சுவரில் ஒரு ஹீட்டர். மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர், பார்த்தாலே தூக்கம் கெட்ட முகம். கம்பெனி அம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரோரம் மச்சான். அவ்வளவு பெரிய உடம்பை எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி, கைகளை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு இருந்தான். அவளைப் பார்த்ததும் உதடு அசைந்தது. 'தங்காச்சி' என்று சொல்ல வந்து சொல்லவில்லை.

"ஃபோன் இவரை மைத்துனர் என்கிறது. நீங்கள் சொந்தமா?" என்று அதிகாரி முதலில் கேட்டார்.

"இல்லை" என்றாள். மச்சானின் முகம் சுருங்கியது.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?"

அதற்குள் அவள் கண் மேஜைக்குப் போய்விட்டது. ஒரு பிளாஸ்டிக் பையில் சாப்பாட்டு டப்பா இருந்தது. பிறந்த வீட்டு டப்பா. ஒரு மூலை உள்ளே நசுங்கி, மூடி கோணியிருந்தது. அதை வைத்துத்தான் கதவை இடித்திருக்கிறான். எவ்வளவு நேரம் இடித்தால் எவர்சில்வர் அப்படி நசுங்கும்? யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்த டப்பாவைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எல்லாம் கண்முன் நடந்தது. வேலை முடிந்தது. கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். மச்சானின் முதுகில் தட்டி, 'வரேன் மச்சான்' என்று கிளம்பினான். பாதி தூரம் போனதும் கை காலியாக இருப்பது தெரிந்தது. கதவைத் திறக்க மாட்டேன் என்று ஒருத்தி காலையில் சொல்லியிருக்கிறாள். ஒரு நிமிஷ வேலைதானே என்று, கோட்டுகூடப் போடாமல் திரும்பி உறை அறைக்குள் ஓடினான். மச்சான் வண்டியைச் சார்ஜ் போட்டுவிட்டு வந்தான். கொக்கியில் கோட்டைப் பார்த்தான். கிளம்புகிறேன் என்றவன் கிளம்பிவிட்டான். கதவை இழுத்தான்.

"அம்மா, அர்த்தம்?" என்றார் அதிகாரி.

இந்த வாரமே ஊருக்குப் போகலாம். அவனுக்கு வெயில் படும். இருக்கிற அர்த்தத்தைச் சொன்னால் போதும்.

"அந்த வார்த்தைக்கு 'வருகிறேன்'னுதான் அர்த்தம்" என்றாள்.

கம்பெனி அம்மா பேனாவை மூடினாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான், அப்படியானால் சரி, நான்தான் கொன்றேன் என்பது மாதிரி. அவன் குனிந்த பிடரியைப் பார்த்தபோது அவளுக்கு அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. 'வரேன்னு சொன்னான்' என்று இதே மனுஷன் வாசலில் நின்று சொன்னபோது, தமிழ் தெரிந்த அவள், அந்த வார்த்தையையே புருஷன் வாயில் வைத்த அவள், என்ன நினைத்தாள்? ஃபேக்டரியில் போய்ப் பார்ப்போம் என்று அவளுக்குத் தோன்றியதா?

"ஆனா நாங்க அதைப் போகும்போதுதான் சொல்வோம்" என்றாள்.

அதிகாரி நிமிர்ந்தார். "போகும்போது ஏன் வருகிறேன் என்று சொல்ல வேண்டும்?"

"போறேன்னு சொன்னா வராமலே போயிடுவாங்களோன்னு பயம். அதனால சொல்ல விட மாட்டோம். நான் விட்டதே இல்லை."

"அப்படியானால் நிஜமாகவே உடனே திரும்பி வருவதற்கு என்ன சொல்வீர்கள்?"

"'இதோ வரேன்'னு சொல்வோம். 'இதோ' இருந்தா நிக்கலாம், காத்திருக்கலாம். வெறும் 'வரேன்'னா அன்னைக்குக் கதை முடிஞ்சுது, வீட்டுக்குன்னு அர்த்தம்." அவள் மச்சான் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு 'இதோ'ன்னு சொன்னாரா?"

"இ... தோ?" என்று அவன் அந்தப் புது வார்த்தையை நாக்கில் வைத்துப் பார்த்தான். தலையை ஆட்டினான். "இல்லை. வரேன் மச்சான். அவ்வளவுதான்."

"கிளம்பினவர் இந்த டப்பாவை எடுக்கத்தான் திரும்பப் போயிருக்கார். இது இல்லாம வந்தா நான் திட்டுவேன், அதுக்காக. அன்னைக்கு ராத்திரி நான் போய்க் கேட்டப்ப இவர் அதே வார்த்தையைச் சொன்னார். நானும் அவர் கிளம்பிட்டார்னுதான் நினைச்சேன். எனக்கே அப்படித்தான் புரிஞ்சுது. தமிழ்ல பொறந்த எனக்கே. இவர் கொல்லலை."

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சரி. கதவு உள்ளேயிருந்து ஏன் திறக்கவில்லை?"

"அது இந்த விசாரணைக்கு..." என்று கம்பெனி அம்மா எழுந்தாள். அதிகாரி கையைக் காட்டி உட்கார வைத்தார்.

"குமிழ் உடைஞ்சு மாசக்கணக்காச்சு. மாத்தச் சொல்லி அவர் கேட்டுக்கிட்டே இருந்தார். யாரும் மாத்தலை" என்றாள். தையல்காரி சொல்லிக் கொடுத்த வார்த்தைகளை வைத்துத்தான் சொன்னாள். 'குமிழ்' என்பதற்கு வார்த்தை தெரியாமல் 'கதவின் பட்டன்' என்றாள். அவர்களுக்குப் புரிந்தது, யாரும் சிரிக்கவில்லை.

மச்சானை விட்டுவிட்டார்கள். அறைக் கதவருகே அவன் அவளுக்காக நின்றான். இரண்டு கையையும் கூப்பினான், மெக்கானிக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கும்பிடு. குலுங்கிக் குலுங்கி அழுதான், அவ்வளவு பெரிய ஆள். அவளால் அவன் கைகளைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் அந்தக் கை கதவை இழுக்கிறது. இன்னும் எத்தனை காலம் அப்படித்தான் தெரியுமோ. இருந்தாலும் சொன்னாள்.

"வீட்டுக்குப் போங்கண்ணா. போய்ச் சாப்பிடுங்க."

உடலை இப்போது தர முடியாது என்று அதிகாரி முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கம்பெனியின் மேல் தனி வழக்கு, நிபுணர்கள் வர வேண்டும், எல்லாம் முடியும் வரை. எப்போது முடியும் என்று கேட்டாள். தெரியாது என்றார்.

மாமியாரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னாள்.

"எம்புள்ளயை ஐஸ்லயே போட்டுட்டு, எவனோ ஒருத்தனுக்காகச் சாட்சி சொன்னியா?" என்றாள் மாமியார். "நல்லா இருடீம்மா. நீ நல்லா இரு." ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. வாழ்த்துகிற மாதிரி அப்படி ஒரு சாபத்தை நம்ம வீட்டுப் பெண்களால்தான் விட முடியும்.

அவள் நேராகப் பிணவறைக்குப் போனாள். அங்கே வேலை செய்கிறவன் ஒரு வயதான ஆள், கையுறையைக் கழற்றாமலே டீ குடித்துக்கொண்டிருந்தான். யாரைப் பார்க்கணும் என்று சொன்னதும் எழுந்து போய், உடல் கிடத்திய தட்டை இழுத்து வெளியே கொண்டுவந்தான். குளிர் புகை மாதிரி வந்து அவள் முழங்காலில் மோதியது. புருஷனின் நெற்றியில் கை வைத்தாள். எடுக்கவில்லை. உள்ளங்கை வலித்து, மரத்து, பிறகு வலிகூடத் தெரியாமல் போகிற வரைக்கும் வைத்திருந்தாள். அந்த ஒரு கை அகலத்துக்காவது சூடு ஏறட்டும் என்று.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள். "உங்க மச்சானை விட்டுட்டாங்க. உங்களைத்தான் விட மாட்டேங்கறாங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க. நான் எங்கயும் போகலை."

பிணவறைக்காரன் தொண்டையைச் செருமினான். நேரமாகிவிட்டது. தட்டை உள்ளே தள்ளினான். அவள் கதவு வரைக்கும் போய்விட்டு நின்றாள். சாவு இருக்கிற இடத்தில் ஒன்றும் சொல்லாமல் கிளம்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவளே அவள்தானே.

திரும்பி நின்று, உள்ளே கிடக்கிறவனுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொன்னாள்.

"போயிட்டு வரேங்க."

மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.